அடுப்பங்கரைச் சாஸ்திரமும் குழந்தைகளின் க்ஷேமமும்

விஞ்ஞான அறிவு நம் நாட்டில் வேரூன்ற வேண்டும் என்பதில் இன்று அபிப்பிராய பேதம் இல்லை. 1976-ஆம் ஆண்டில் நமது அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராய்ந்தறியும் உணர்ச்சியையும் வளர்ப்பதைப் பிரஜை ஒவ்வொருவருடைய அடிப்படைக் கடமைகளில் ஒன்றாக விதித்திருக்கிறது. பொதுக்கூட்டங்களில் இக்கடமையை நாம் எடுத்துரைக்கிறோம். மகாநாடுகளில் தீர்மானங்கள் நிறைவேற்றுகிறோம். ஆயினும் அந்த மனப்பான்மை மனிதனிடத்தில் எப்போது முளைவிடுகிறது என்பதை நாம் யோசிப்பது குறைவு. ஐந்து வயதுக் குழந்தை, "தண்ணீரில் போட்ட சர்க்கரை எங்கே போயிற்று?" என்று கேட்கிறதே, அந்தக் கணத்திலேயே அது முளைவிட்டுவிடுகிறது. அக்கேள்வி பெரும்பாலும் பிறக்கும் இடம் அடுப்பங்கரை. ஆகவே, அடுப்பங்கரையில் குழந்தை எதைக் கற்கிறது, எவ்வளவு பத்திரமாகக் கற்கிறது என்பது தேசத்தின் விவகாரமே என்று நாம் கருதுகிறோம். பெண்கள் பகுதியில் எழுதவேண்டிய சில்லறை விஷயம் என்று இதை ஒதுக்கிவிடலாகாது.

பள்ளிக்கூடத்து ரசாயன சாலைக்குக் குறையாத ஒரு சாலை நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அங்கே நடக்கும் பரிசோதனைகளுள் தலைமையானது பாகு காய்ச்சுதல். 'சர்க்கரா' என்னும் இத்தேசத்துச் சொல்லே பாரசீகம், அரபு ஆகிய பாஷைகளின் வழியாகச் சென்று ஐரோப்பியரின் நாவில் சர்க்கரைக்குப் பெயராயிற்று என்றால், இப்பொருளோடு நமக்குள்ள பழக்கத்தின் வயதை ஊகித்துக்கொள்ளலாம். அதிரசத்துக்கு ஒரு பதம், பொரி உருண்டைக்கு ஒரு பதம், கடலை மிட்டாய்க்கு ஒரு பதம் என்று நம் தாய்மார்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரை வைத்துக்கொண்டு, பாகில் ஒரு சொட்டை அதில் விட்டு, அது கரைந்து பரவுகிறதா, விரலுக்குள் உருள்கிறதா, விளிம்பில் தட்டினால் டக்கென்று ஒலிக்கிறதா என்று பார்த்தே அவர்கள் அடுப்பிலிருந்து இறக்குகிறார்கள். 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் பதம் தப்பினால் வெறும் பிசினாகவோ, கசப்புக் கட்டியாகவோதான் முடியும்.

இதில் அடங்கிய சாஸ்திரம் எளியது. சுத்தமான நீர் கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு எரித்தாலும் அதன் உஷ்ணம் அதற்குமேல் ஏறுவதில்லை. சர்க்கரை கரைந்த நீரின் சுபாவம் வேறு. ஆவி வெளியேற வெளியேறச் சர்க்கரையின் விகிதம் கூடுகிறது. அது கூடக் கூடக் கொதிநிலையும் உயர்கிறது. கம்பி இழுக்கும் பதம் 110 டிகிரிக்கு அண்மையில் வருகிறது. நீரில் விட்டால் மெத்தென்று உருளும் பதம் சுமார் 115 டிகிரி. உடையும் பதம் ஏறக்குறைய 150 டிகிரி. 160-ஐத் தாண்டியபின் சர்க்கரை பொன்னிறமாகி, பழுப்பாகி, வேறொரு மணம் வீசத் தொடங்குகிறது. அப்போது அது சர்க்கரையாகவே இருப்பதில்லை, சிதைந்து புதிய பொருள்களாக மாறிக்கொண்டிருக்கிறது. பாட்டி விரல் நுனியால் பதம் பார்ப்பது, உஷ்ணமானி இல்லாமலே உஷ்ணத்தை அளக்கும் முறையன்றி வேறென்ன?

ஆனால், அறிவைத் தரும் இந்த எண்களே அபாயத்தையும் கூறுகின்றன. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து, 60 டிகிரி உஷ்ணமே சில விநாடிகளுக்குள் மனிதத் தோலை வேகச் செய்துவிடும் என்று விளங்கிற்று. குழந்தையின் தோல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது. அதற்கு இன்னும் குறைந்த நேரமே போதும். 60 டிகிரிக்கு இந்தக் கதி என்றால், 150 டிகிரிப் பாகு என்ன செய்யும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

உஷ்ணம் அதிகம் என்பதோடு தீமை நிற்கவில்லை. வெந்நீர் மேலே பட்டால் அதில் பெரும்பகுதி வழிந்தோடிவிடுகிறது. பாகோ பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. உதறினால் விழாது, துடைத்தால் துடைத்த கையையும் பற்றும், குழந்தை தன் இயல்பின்படி விரலை வாயில் வைத்தால் நாவும் உதடும் வெந்துபோகும். ஒட்டிய இடத்திலேயே நின்று, தன்னிடமுள்ள உஷ்ணத்தைத் தோலுக்குள் இறக்கிக்கொண்டே இருப்பது அதன் குணம். இதற்குமேல் ஒரு வஞ்சகமும் உண்டு. கொதிக்கும் நீர் புகைந்து குமுறித் தன் அபாயத்தைத் தானே பறையறைந்து விடுகிறது. முற்றிய பாகில் நீர் குறைந்துவிடுவதால் ஆவியும் குறைகிறது. தேன்போல மினுங்கி அமைதியாகக் கிடக்கிறது. மணமோ அருகில் அழைக்கிறது. மிக அமைதியாகத் தோன்றும் வேளையே அது மிகக் கொடிதாக இருக்கும் வேளை. பெரியவர்களே ஏமாறும் இந்த இடத்தில் குழந்தையிடம் முன்னறிவை எதிர்பார்ப்பது எவ்விதம் நியாயமாகும்?

இது வெறும் ஊகமன்று. 2021-ஆம் ஆண்டில் 'ஸ்குவிட் கேம்' என்ற தென் கொரியத் தொலைக்காட்சித் தொடர் உலகமெங்கும் பிரசித்தி அடைந்தது. சர்க்கரையை உருக்கிச் சமையல் சோடா சேர்த்துச் செய்யும் 'தல்கோனா' என்ற தெருவோர மிட்டாய் அக்கதையில் வருகிறது. அதைக் கண்ட சிறுவர்கள் பல தேசங்களிலும் அந்த மிட்டாயைத் தம் வீடுகளில் செய்து பார்க்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு, உருகிய சர்க்கரையால் வெந்த சிறுவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். வைத்தியர்கள் பெற்றோருக்குப் பகிரங்கமாக எச்சரிக்கை விடுத்தார்கள். நம் நாட்டிலும் இன்று கைபேசி இல்லாத வீடு அரிது. அதில் காணும் வித்தைகளைச் செய்து பார்க்கும் ஆவல் சிட்னிச் சிறுவனுக்கு மட்டும் உரியதன்று.

உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்டுள்ள கணக்கையும் இங்கே கவனிப்போம். தீப்புண்ணாலும் வெந்த புண்ணாலும் உலகில் வருஷந்தோறும் சுமார் 1,80,000 பேர் மடிகிறார்கள். இந்தியாவில் மாத்திரம் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் நடுத்தரமாகவோ கடுமையாகவோ வெந்து துன்புறுகிறார்கள். இவை சர்க்கரைப் பாகினால் மட்டும் நேர்ந்தவை அல்ல. எல்லாக் காரணங்களும் சேர்ந்தவை. எனினும் அந்த ஸ்தாபனம் கூறும் மற்றொரு விஷயம் நம் வாசகர்களின் மனத்தைத் தைக்க வேண்டும். ஆடவர் பெரும்பாலும் வேலைத்தலங்களில் வெந்துபோகிறார்கள். பெண்டிரும் குழந்தைகளும் வழக்கமாக வீட்டு அடுப்பங்கரையில் வெந்துபோகிறார்கள் என்பதே அது.

இதைக் கேட்டவுடன், "குழந்தைகளை அடுப்பங்கரைப் பக்கமே விடாதே" என்று ஆக்ஞையிடுவோர் சிலர். "எங்கள் பாட்டி காலத்தில் இப்படியெல்லாம் யார் பயந்தார்கள்? பட்டால்தான் புத்தி வரும்" என்று அலட்சியம் பேசுவோர் சிலர். இவ்விரு கட்சியையும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை.

முதற் கட்சியார் நினைப்பதுபோல் தடை அவ்வளவு சுலபமாகப் பலிப்பதில்லை. எதிரில் மறுக்கப்பட்ட பரிசோதனையைப் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் குழந்தை தனியே நடத்துகிறது. காவலில்லாத பரிசோதனையே மிகப் பெரிய அபாயம். அன்றியும், கையால் செய்து அறியும் வாய்ப்பை இழந்த குழந்தைக்கு விஞ்ஞானம் பரீட்சைக்கு நெட்டுருப் போடும் பாடமாகிவிடுகிறது. 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலின் மூலமாகவே கல்வி புகட்டப்பட வேண்டுமென்று வற்புறுத்தினார். 1972-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில் பதினாறு பள்ளிகளில் தொடங்கி, 2002 வரையில் நடைபெற்ற விஞ்ஞானப் போதனைத் திட்டம், கிராமத்துக் குழந்தைகள் எளிய பொருள்களைக்கொண்டு தாமே பரிசோதித்துக் கற்க முடியும் என்பதை நிரூபித்தது. இத்தகைய முயற்சிகள் நடந்த நாட்டில், குழந்தையின் கையைக் கட்டிப்போட்டு அறிவை ஊட்ட முயல்வது பின்னோக்கிச் செல்வதாகும்.

இரண்டாம் கட்சியார் தம் பாட்டிமாரைச் சரியாகக் கவனித்தவர்கள் அல்லர். பாகு காய்ச்சும் நாளில் அந்தப் பாட்டிமார் குழந்தைகளைக் கொல்லைப்புறத்துக்கு விரட்டினார்கள். கிண்ணத்து நீரில் ஆறிய சொட்டையே அவர்கள் கையில் கொடுத்தார்கள். அச்சமில்லாமல் இருந்தார்கள் என்பது தவறு. அச்சத்தை ஒழுங்காக்கி வழக்கமாக்கி வைத்திருந்தார்கள். கூட்டுக் குடும்பம் குலைந்து, தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் பூட்டிய வீட்டில் குழந்தை தனியே இருக்கும் இக்காலத்தில், அந்த வழக்கத்தைக் காப்பவர் யார்? "பட்டால்தான் புத்தி வரும்" என்ற வசனம் சுட்ட அப்பளத்துக்குப் பொருந்தலாம். வாழ்நாள் முழுவதும் விரலை மடக்கவிடாத தழும்புக்கு அது பொருந்தாது.

அப்படியாயின் சரியான வழி எது? சூடு பெரியவருக்கு, கேள்வியும் கண்ணும் ஆறிய பொருளும் குழந்தைக்கு. இந்தப் பங்கீடு ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் ஏனைய விதிகள் எல்லாம் தாமே விளங்கும்.

கற்கண்டு விளைவிப்பதை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரி உஷ்ணத்தில் 100 கிராம் நீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்கிறது. 100 டிகிரியில் ஏறக்குறைய 490 கிராம். சூட்டில் அளவுக்கு மிஞ்சிக் கரைந்த சர்க்கரை, ஆறும்போது இருக்க இடமின்றி நூலில் வந்து படிகிறது. இதில் கரைக்கும் வேலை பெரியவருடையது. பாத்திரம் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின், அதைச் சீசாவில் ஊற்றுவதும், சர்க்கரைத் துகள் தோய்த்து உலர்த்திய நூலைத் தொங்கவிடுவதும், ஒரு வாரகாலம் தினமும் பார்த்து அளந்து எழுதிவைப்பதும் குழந்தையுடைய வேலை. பொறுமையே இப்பரிசோதனையின் பெரும்பகுதியாதலால், ஆபத்தான பங்கு போனதால் குழந்தைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

பதப் பரிசோதனையிலும் அவ்வாறே. பெரியவர் பாகில் ஒரு சொட்டை அகன்ற கிண்ணத்துக் குளிர்நீரில் விட்டு, ஆறிவிட்டதா என்று தாம் முதலில் தொட்டுப் பார்த்துப் பிறகு கொடுக்க வேண்டும். குழந்தை அதை உருட்டியும் உடைத்தும் பார்த்து, அடுப்பேற்றி எத்தனை நிமிஷம் ஆயிற்று என்பதோடு குறித்துக்கொள்ளலாம். விரைவில் குளிர்ந்த பாகு கண்ணாடிபோல் உறைவதையும், மெல்ல ஆறிய கரைசல் பட்டை தீட்டிய கற்கண்டாக விளைவதையும் அருகருகே வைத்துக் காட்டினால், ஒரே பொருள் இரு வடிவம் கொள்ளும் ரகசியத்தை எந்தப் பாடப்புத்தகமும் அவ்வளவு தெளிவாகப் போதிக்காது.

உருகிய சர்க்கரையில் சோடா இடுவது மட்டும் முற்றிலும் பெரியவருடைய காரியம். சோடா சூட்டில் சிதைந்து கரியமிலவாயுவை வெளியிடுவதால் பாகு ஒரு கணத்தில் பொங்கி எழும். பாத்திரம் சிறிதாயின் வெளியே வழியும். குழந்தை தூரத்தில் நின்று பார்க்கட்டும். அதே வாயுவைத் தன் கையாலேயே உண்டாக்க விரும்பினால், ஒரு தம்ளர் எலுமிச்சம்பழச் சாற்றில் சிட்டிகை சோடாவை இடட்டும். அது சூடில்லாமலே பொங்கிக் காட்டும்.

இனி, எல்லாப் பரிசோதனைக்கும் பொதுவான சில நியமங்களைக் கூறுவோம். அடுப்பைச் சுற்றி மூன்று அடி தூரத்துக்குச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, அடுப்பு எரியும்வரை குழந்தை அதைத் தாண்டலாகாது என்று வைப்பது நலம். தரையில் அடுப்பு வைத்துப் பாகு காய்ச்சுவது குழந்தைகள் உள்ள வீட்டில் உதவாது. பண்டிகை நாட்களில் கொல்லையில் பெரிய அடுப்பு மூட்டுவோர் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். கனத்த அடியுள்ள, உயர்ந்த விளிம்புள்ள பாத்திரத்தில் பாதிக்கும் குறைவாகவே பொருளை இடவேண்டும். கைப்பிடியை உட்புறமாகத் திருப்பி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரம் உருகி வளையும், கண்ணாடித் தம்ளர் சூட்டில் விரிந்து சிதறும், இரண்டும் கூடா. மைக்ரோவேவ் அடுப்பில் சர்க்கரையை உருக்க முயல்வதும் கூடாது. முற்றிய பாகில் நீரை ஊற்றினால் அது உடனே ஆவியாகிப் பாகை நாலாபுறமும் தெறிக்கச் செய்யும். ஜுரம் பார்க்கும் உஷ்ணமானியைப் பாகில் இடுவது பெரும் பிழை. அது 42 டிகிரி அளவுக்கே ஏற்பட்டது. உடைந்தால், பழைய கருவியாயின், அதிலுள்ள பாதரசம் விஷம். தொங்கும் தாவணி, நீண்ட சட்டைக்கை, தளர்ந்த கூந்தல், எளிதில் உருகும் செயற்கை நூல் ஆடை ஆகியவற்றை விலக்கிப் பருத்தி உடை உடுத்துவிக்க வேண்டும். வேலை முடிந்தபின் பாத்திரத்தை எட்டாத இடத்தில் வைத்து ஆறவிட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் பாகு சுடும் என்பதைப் பெரியவர்கள் மறப்பதாலும் விபத்துகள் நேரக்கூடும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னும் விபத்து நேர்ந்தால் என் செய்வது? இதில் நம் மக்களிடையே உள்ள அறியாமை மிகவும் வருந்தத்தக்கது. பேனா மையைத் தடவுகிறார்கள், பற்பசையைப் பூசுகிறார்கள், இட்லி மாவையும் மஞ்சளையும் நெய்யையும் அப்புகிறார்கள், பனிக்கட்டியை வைத்து அழுத்துகிறார்கள். இவை புண்ணை ஆற்றுவதில்லை. சில உஷ்ணத்தை உள்ளே அடைக்கும். சில அழுக்கைச் சேர்க்கும். புண்ணின் ஆழத்தை வைத்தியர் கண்டறிவதற்கும் இடையூறாகும். பனிக்கட்டியோ வெந்த தோலை மேலும் சேதப்படுத்தும். செய்யவேண்டியது ஒன்றே: உடனே குழாய் நீரின் கீழ், குளிர்ச்சியான ஓடும் நீரில், வெந்த பாகத்தை இருபது நிமிஷம் காட்ட வேண்டும். இருபது நிமிஷம் என்பது கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம். ஒட்டிய பாகைப் பிய்க்க முயலலாகாது. அதனோடு தோலும் வந்துவிடும். ஓடும் நீர் அதைக் குளிரச் செய்து, மெல்லக் கரைத்தும் விடும். வீக்கம் காணுமுன் வளையல், மோதிரம், கயிறு முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்கக் கூடாது. உடலின் மற்றப் பகுதி குளிரால் நடுங்காதபடி போர்த்திவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி, வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். முகம், கை, கால், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டிருந்தாலும், குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாயிருந்தாலும், வெந்த இடம் வெளுத்தோ கருகியோ இருந்தாலும் சற்றும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். இதைப் படிக்கும் அன்பர்களில் பெரும்பாலோர் பொதுவாழ்வில் ஈடுபட்ட ஆண்மக்கள் என்பதை நாம் அறிவோம். "இந்த நியமங்களையெல்லாம் வீட்டில் சொல்லிவிடுகிறேன்" என்று அவர்களில் சிலர் பத்திரிகையை மடித்து வைக்கக்கூடும். அவர்களுக்கே நாம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கையால் குழம்பைக் கிளறி, மறு கையால் கைக்குழந்தையைத் தாங்கி, வாயிற்படியில் பால்காரனுக்குப் பதில் சொல்லும் ஒரு பெண்மணி, பாகின் பதத்தையும் பார்த்து, கேள்வி கேட்கும் சிறுவனையும் காத்து நிற்க வேண்டும் என்பது எந்த நீதி? சமைப்பவர் ஒருவர், காப்பவர் ஒருவர் என்று இருவர் இருந்தாலன்றி இப்பரிசோதனைகள் பத்திரமாக நடவா. அந்த இரண்டாமவர் தந்தையாகவோ, தமையனாகவோ, சிற்றப்பனாகவோ இருப்பதற்கு என்ன தடை? அடுப்பங்கரை ஆண்மைக்கு இழுக்கு என்ற பழைய அகம்பாவத்தைத் தவிர வேறு தடை எதுவும் நமக்குப் புலப்படவில்லை.

விஞ்ஞான மனப்பான்மையைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசுபவர், வாரத்தில் அரைமணி நேரம் தம் குழந்தையோடு அடுப்பின் அருகில் நிற்கட்டும். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு நிற்கட்டும். குழந்தை கேட்கும் கேள்விக்குத் தெரிந்த விடையைக் கூறட்டும். தெரியாவிட்டால், "சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லட்டும். பாகு ஏன் கம்பியாகிறது என்று அறிந்த குழந்தையும், பாகின் அருகில் எப்படி நிற்பது என்று அறிந்த குழந்தையும் ஒரே குழந்தையாக வளர வேண்டும். அதற்கு இரண்டு தீர்மானங்களும் ஒரு மகாநாடும் வேண்டியதில்லை. மூன்று அடிக் கோடு ஒன்று, குளிர்நீர்க் கிண்ணம் ஒன்று, இடத்தை விட்டு நகராத பெரியவர் ஒருவர் இருந்தால் போதும்.